வினாடிக்குப் பத்து அலை

தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு பெலிண்டாவின் முன்னால் போய் உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன். ஓயாத தலைவலிக்காக இ.இ.ஜி. எடுத்து வரும்படி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அன்று சனிக்கிழமை. வழக்கம்போல் நன்றாக எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் போனேன். பெலிண்டா என் உச்சந்தலையை ஒரு விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"படிச்சவர் மாதிரி இருக்கீங்க. சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கலையா?"

ஷாம்பூ பாக்கெட் ஒன்றைக் கையில் கொடுத்து, தாழ்வாரக் கோடியில் இருந்த குழாயைக் காட்டினார். ஐம்பத்தாறு வயதில், புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் முதல் மாடியில், நோயாளிகளும் அவர்களோடு வந்தவர்களும் வேடிக்கை பார்க்க நான் தலை குளித்தேன். எனக்குக் கோபம் வந்தது. வந்து என்ன? இருபத்தோரு வருடமாக அந்த அறையில் அவர் வைத்ததுதான் சட்டம். எண்ணெய் இருந்தால் தலையில் வைக்கும் சின்னக் கிண்ணங்கள் ஒட்டாது. ஒட்டாவிட்டால் அலை சுத்தமாக வராது. அலை சுத்தமாக வராவிட்டால் பெலிண்டாவுக்கு அன்று சோறு இறங்காது.

அப்படி ஆரம்பித்த பழக்கம்தான். இதை எழுதப்போகிறேன் என்றபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தன் தப்பையும் எழுதவேண்டும், அதை மெழுகக்கூடாது என்றார். அந்தத் தப்பு இல்லாமல் இந்தக் கதையே இல்லை என்பதால் எனக்கு அதில் சிரமம் ஒன்றும் இல்லை.

பெலிண்டா பிறந்தது பாலக்கரை, வாக்கப்பட்டது காட்டூர். கணவர் கிளமென்ட் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஊரையே விசில் ஊதி ஓட வைப்பவர், வீட்டில் மட்டும் விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். பெலிண்டா பி.எஸ்.சி. இயற்பியல் முடித்துவிட்டு, வங்கித் தேர்வு முடிவு வரும்வரை ஆறு மாதத்துக்கு என்று இந்த வேலையில் சேர்ந்தார். வங்கிக்காரர்கள் அவரைக் கூப்பிடவே இல்லை. கூப்பிடாததற்கு நான் அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு குடும்பம் என்னைவிட அதிகமாகக் கடமைப்பட்டிருக்கிறது.

அவர் செய்யும் வேலை இதுதான். தலையில் இருபத்தோரு இடங்களில் பசை தடவிக் கிண்ணங்களை ஒட்டுவார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பி. கம்பிகள் போய்ச் சேரும் இயந்திரத்தின் திரையில் வரிவரியாக அலைகள் ஓடும். அதிலுள்ள மின்சாரம் டார்ச் பேட்டரியில் இருப்பதில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். மூளையில் ஒரே ஒரு செல் துடித்தால் மண்டைக்கு வெளியே அது யாருக்கும் தெரியாது. லட்சக்கணக்கில் சேர்ந்து, ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கினால்தான் அந்த வரியில் ஓர் அலை எழும்.

அவற்றைச் சேர்ந்து துடிக்கச் சொல்வது யார் என்று நான் கேட்டேன். யாரும் இல்லை என்றார். செல்களில் சில பக்கத்துச் செல்லை எழுப்பிவிடும், சில அடக்கி உட்கார வைக்கும். எழுப்புகிறவை எழுப்பினால் கூட்டம் மொத்தமும் எழும். எழுந்த கூட்டமே அடக்குகிறவற்றையும் உசுப்பிவிடும், உடனே எல்லாம் அடங்கும். அடக்கிய பிடி தளர்ந்ததும் மறுபடி எழும். மூளையின் நடுவில் தலாமஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்கும் மூளையின் மேல்பரப்புக்கும் இடையே இந்தப் பேச்சும் பதிலும் ஓயாமல் நடக்கிறது. அதிலிருந்துதான் தாளம் பிறக்கிறது.

"எங்க கோயில்ல ஜெபமாலை சொல்றப்போ முன்வரியை ஒருத்தர் சொல்லுவாங்க, பின்வரியை எல்லாரும் சொல்லுவோம். முதல்ல ஆளுக்கொரு வேகமா இருக்கும். பத்து மணி உருட்டுறதுக்குள்ள கோயிலே ஒரே குரல் ஆயிடும். யாரும் யாருக்கும் சொல்லித் தர்றதில்லை, பாருங்க" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கும்போது, பின்மண்டையில் பார்வைக்கென்று இருக்கிற செல்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவை சேர்ந்துகொண்டு வினாடிக்குப் பத்து முறை போல ஏறி இறங்கும். அதற்கு ஆல்பா என்று பெயர். கண்ணைத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் பார்க்கிற வேலை வந்துவிடும். கூட்டம் கலையும், அலை உடையும். மூடினால் மறுபடி சேரும். வருகிற ஒவ்வொருவரிடமும் பெலிண்டா கேட்கிற முதல் காரியம் இதுதான். கண்ணைத் திறங்க. மூடுங்க. திறங்க. மூடுங்க. சொல்லும்போதே இடது கை ஆள்காட்டி விரல் ஒரு பொத்தானைத் தட்டும், அலைக்கு மேல் 'கண் திறப்பு', 'கண் மூடல்' என்று குறி விழும். அலை உடைந்து உடைந்து சேர்ந்தால், வெளியுலகம் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, உள்ளே இருப்பவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இருபத்தோரு வருடம், நாளைக்கு எட்டுப் பேர். எத்தனை தடவை அந்தப் பொத்தானைத் தட்டியிருப்பார் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். விரல் அதுபாட்டுக்குத் தட்டும். கிளமென்ட்டோடு வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதுகூடச் சாப்பாட்டு மேஜையில் அந்த விரல் தட்டுமாம்.

அந்த விரல்தான் தப்புச் செய்தது.

லக்ஷ்மிகாந்த் என்பவர் ஸ்ரீரங்கத்தில் மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர், வயது நாற்பத்தாறு. ஒரு திங்கட்கிழமை காலை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் சாக்பீஸைக் கீழே போட்டார். அதை எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. மூளையை முதுகுத்தண்டோடு இணைக்கும் மூளைத்தண்டுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. புத்தூர் ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாய் வைத்து, இயந்திரம் மூச்சு விட, பத்து நாள் கிடந்தார். மயக்க மருந்தை நிறுத்தியும் விழிக்கவில்லை. கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள், பிடிக்கவில்லை. காலை மடக்கச் சொன்னார்கள், மடக்கவில்லை. இமை சரியாக மூடாததால் விழி காய்ந்து புண்ணாகிவிடும் என்று இரண்டு கண்ணிலும் மருந்து தடவி டேப் ஒட்டியிருந்தார்கள். மருந்து போடும்போது டேப்பை எடுத்து, டார்ச் அடித்து, இந்தப் பக்கம் பாருங்க, அந்தப் பக்கம் பாருங்க என்று கேட்பார்கள். விழி எந்தப் பக்கமும் போகவில்லை. மறுபடி ஒட்டிவிடுவார்கள்.

பதினோராம் நாள் வியாழக்கிழமை பெலிண்டாவை ஐ.சி.யூ.வுக்குக் கூப்பிட்டார்கள். தள்ளுவண்டியில் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். அன்று காலையிலிருந்து ஏழு பேருக்கு எடுத்து முடித்திருந்தார். கிண்ணங்களை ஒட்டினார், அலை ஓடியது. வழக்கம்போல் சொன்னார்: கண்ணைத் திறங்க. விரல் தட்டியது. மூடுங்க. விரல் தட்டியது. டேப்பை எடுக்கவில்லை. டேப் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, மனதுக்குப் போகவில்லை. மூன்று முறை தட்டிவிட்டு, பதிவை டாக்டர் பஷீர் அகமதுக்கு அனுப்பிவிட்டு, காட்டூர் பஸ்ஸைப் பிடித்தார்.

டாக்டர் பஷீர் அகமது நரம்பியல்காரர். கெட்டிக்காரர், நல்லவர். நான்கு ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவர், பதிவுகளைப் பெரும்பாலும் தன் வீட்டுத் திரையில்தான் பார்ப்பார். அன்றும் பார்த்தார். ஆல்பா அலை ஓடுகிறது. 'கண் திறப்பு' என்று மூன்று இடத்தில் குறி இருக்கிறது. மூன்று இடத்திலும் அலை உடையவில்லை. மூளைத்தண்டு பழுதானவர்களில் சிலருக்கு, வெளியிலிருந்து எதுவும் போய்ச் சேராமல் அலை மட்டும் தானாக ஓடிக்கொண்டிருக்கும் ஆழ்ந்த மயக்கம் உண்டு. அதிலிருந்து மீண்டவர்கள் மிகக் குறைவு. இதுவும் அதுதான் என்று எழுதினார். அவர் முன்னால் இருந்த குறிகளை நம்பினால் வேறெதுவும் எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை குடும்பத்தைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். லக்ஷ்மிகாந்தின் அண்ணா வரது அன்று சாயங்காலமே முடிவு செய்துவிட்டார். அவரை மோசமான மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். தம்பி படுத்ததிலிருந்து ஐ.சி.யூ. வாசல் பெஞ்சைவிட்டு நகராத மனிதர். ஆனால் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவனுக்குக் காவிரிக்கு இந்தக் கரையில் உயிர் போகக்கூடாது என்பதில் அவருக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. சனிக்கிழமை ஏகாதசி. காலை பத்து மணிக்கு ஆம்புலன்ஸ். ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுத்துக்கொண்டே பாலம் தாண்டி வீட்டுக்குக் கொண்டுபோய், வாயில் தீர்த்தமும் துளசியும் விட்டு, குழாயை எடுத்துவிடுவது. எல்லாம் பேசியாகிவிட்டது. மனைவி வைஜயந்தி கையெழுத்துப் போட்டார்.

இதில் எதுவும் பெலிண்டாவுக்குத் தெரியாது. அறிக்கை போனபின் நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

சனிக்கிழமை எட்டரை மணிக்கு முதல் நோயாளி, திருவெள்ளறையிலிருந்து வந்த ஓர் அம்மா. வயலில் மயங்கி விழுந்திருந்தார். முந்தின நாள்தான் ஒரு கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். எண்ணெய் இல்லாமல் வந்திருந்ததால் பெலிண்டா நல்ல மனநிலையில் இருந்தார். கிண்ணங்களை ஒட்டிவிட்டுக் கண்ணைத் திறங்க என்றார். விரல் தட்டியது.

"ஏம்மா, நமக்கு ஒத்தக் கண்ணுதான் தொறக்கும். அதையே இன்னும் தொறக்கலை. நீ பாட்டுக்குத் தட்டிட்டியே" என்றார் அந்த அம்மா.

பெலிண்டா சிரிக்க வாயெடுத்தார். சிரிப்பு வரவில்லை. வெள்ளைக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வியாழக்கிழமை தான் பார்த்த இரண்டு வெள்ளை டேப்புகள் அப்போதுதான் மனதுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த அம்மாவின் பதிவை எப்படி முடித்தார் என்றே நினைவில்லையாம். முடித்ததும் வியாழக்கிழமைப் பதிவைத் திறந்தார்.

கண் திறப்பு என்று தட்டிய மூன்று இடங்களும் பொய். அந்த மூன்று குறியும் தன் விரல் பழக்கத்தில் விழுந்தவை. சரி, குறியை விடுவோம், அலை என்ன சொல்கிறது என்று பார்த்தார். அந்த மோசமான மயக்கத்தில் ஆல்பா நெற்றிவரை பரவிக் கிடக்கும், ஒரே மட்டத்தில் இயந்திரம் மாதிரி ஓடும். இது அப்படி இல்லை. பின்மண்டையில், இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. ஏறி இறங்கித் தளர்ந்து சேர்ந்து, உங்களுக்கும் எனக்கும் இருப்பதுபோல் இருந்தது. பதினேழாம் நிமிடத்துக்கு வந்தார். அங்கே மூன்று வினாடிக்கு அலையே இல்லை. உடைந்து, பிறகு சேர்ந்திருந்தது.

அறையில் சின்னச் சத்தம் கேட்டாலும் பதிவில் குறித்துவைப்பது பெலிண்டாவின் இன்னொரு பழக்கம். யாராவது இருமினால், கதவு அடித்தால், போன் ஒலித்தால் எழுதுவார். பிற்பாடு அலையில் அழுக்கு இருந்தால் காரணம் தெரியவேண்டுமே. பதினேழாம் நிமிடத்தில் அவரே எழுதியிருந்தார்: 'மனைவி உள்ளே வந்தார். பேசினார்.'

வைஜயந்தியின் குரலுக்கு அந்த அலை உடைந்திருந்தது.

மணி ஒன்பதரை. ஐ.சி.யூ. நர்ஸ் வேணிக்குப் போன் செய்தார். லக்ஷ்மிகாந்தைப் பத்து மணிக்குக் குழாய் எடுக்க வீட்டுக்கு அனுப்பப்போகிறோம், ஆம்புலன்ஸ் கீழே நிற்கிறது என்றாள் வேணி.

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. டேப்பை எடுத்தாயா என்று யாரும் கேட்கப்போவதில்லை. சொன்னால் வேலை போகும், பெயர் போகும், கேஸ் வந்தாலும் வரும். இதையெல்லாம் நினைத்தீர்களா என்று கேட்டேன். நினைக்க நேரமில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "நினைச்சேன். ரெண்டு மாடி ஏறுற நேரம் பூரா அதைத்தான் நினைச்சேன். ஆனா ஏறிக்கிட்டே இருந்தேன்" என்றார். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது.

இயந்திரத்தை லிஃப்டில் ஏற்றி அனுப்பிவிட்டு, படியேறும்போதே டாக்டருக்குப் போன் செய்தார். அவர் முசிறியில் ஒரு முகாமுக்காகக் காரில் போய்க்கொண்டிருந்தார்.

"சார், லக்ஷ்மிகாந்த் பதிவுல கண் திறப்புன்னு நான் போட்ட குறி தப்பு. கண்ல டேப் ஒட்டியிருந்துச்சு. நான் எடுக்கலை."

அவர் ஒன்றே ஒன்று கேட்டார், வேறு ஏதாவது பார்த்தீர்களா என்று. பெலிண்டா பதினேழாம் நிமிடத்தைச் சொன்னார். "மறுபடி எடுங்க. நான் வண்டியைத் திருப்பறேன். அவங்களை அனுப்பாதீங்க" என்றார் டாக்டர்.

அனுப்பாதீங்க என்பது சுலபமாகச் சொல்லிவிடுகிற வார்த்தை. ஸ்ட்ரெச்சர் கட்டிலை ஒட்டி வந்துவிட்டது. வரது ஸ்நானம் செய்து திருமண் இட்டு, கையில் தீர்த்தச் செம்போடு நின்றிருந்தார். லிஃப்டிலிருந்து இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க உள்ளே வந்த பெலிண்டா, இன்னொரு தடவை எடுக்கவேண்டும், இருபது நிமிஷம் கொடுங்கள் என்றார். வரதுவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா சொல்றேள்? நேத்து ஒண்ணும் இல்லேன்னு சொன்னதும் நீங்கதானே? இன்னும் எத்தனை நாள் இவனைக் குத்திண்டே இருப்பேள்? ஏகாதசி தாண்டறதுக்குள்ள அவன் அக்கரை போயாகணும்."

எண்ணெய்த் தலைக்காரர்களை இருபத்தோரு வருடம் அதட்டிய பெலிண்டா அன்று அதட்டவில்லை. எல்லோருக்கும் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். தான் செய்த தப்பைச் சொன்னார், டேப்பைச் சொன்னார். பிறகு வைஜயந்தியின் பக்கம் திரும்பினார். வியாழக்கிழமை நீங்கள் உள்ளே வந்து என்ன பேசினீர்கள் என்று கேட்டார்.

வைஜயந்தி யோசித்தார். "ஏன்னா, நான் வந்துட்டேன், அப்படின்னேன். அவ்வளவுதான்."

"அது அவருக்குக் கேட்டுருக்கு."

வைஜயந்தி பத்து நாளாக அழுது முடித்தவர். அப்போது அழவில்லை. வரதுவின் கையிலிருந்த செம்பை வாங்கி ஜன்னல் மேடையில் வைத்தார். "அண்ணா, இருபது நிமிஷம். ஏகாதசி சாயங்காலம் வரைக்கும் இருக்கு" என்றார்.

பெலிண்டா இருபத்தோரு இடம் பார்க்கவில்லை. பின்மண்டையில் நான்கு, நடுவில் இரண்டு, நெற்றியில் இரண்டு. எல்லாம் முதல் தடவையே ஒட்டின. அலை ஓட ஆரம்பித்தது. ஈரப் பஞ்சால் நனைத்து டேப்பை உரித்தார். இமையில் பூசியிருந்த மருந்தைத் துடைத்தார். பொத்தானுக்குப் பக்கத்தில் வேணியை நிற்கவைத்தார். தன் விரலை அன்று அவர் நம்பவில்லை. "நான் இமையைத் தூக்கினப்புறம் தட்டு. அதுக்கு முன்னாடி தட்டுனா உன்னைக் கொன்னுடுவேன்" என்றார்.

இரண்டு கட்டைவிரலால் இமைகளைத் தூக்கினார். வேணி தட்டினாள். பின்மண்டை வரிகளில் ஓடிக்கொண்டிருந்த அலை நின்றது. இமைகளை விட்டார். அரை வினாடி, ஒரு வினாடி. அலை திரும்பி வந்தது. மறுபடி தூக்கினார், நின்றது. விட்டார், வந்தது. மூன்றாம் முறை வரது கட்டிலுக்கு இந்தப் பக்கம் வந்து திரையின் முன்னால் நின்றுவிட்டார். அவருக்கு அலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்று போய்ப் போய்த் திரும்புகிறது என்பது யாருக்கும் தெரியும்.

அப்போதுதான் பெலிண்டா நெற்றி வரிகளைக் கவனித்தார். அங்கே பெரிய, சோம்பலான அலைகள், ஒன்று மேலே, ஒன்று கீழே. அது மூளையின் அலை அல்ல. விழி மேலும் கீழும் போனால் நெற்றிக் கிண்ணங்களில் விழுகிற அழுக்கு. அதற்காக அவர் திட்டாத நோயாளி இல்லை. "கண்ணை ஆட்டாதீங்க" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த அழுக்கைப் பார்த்து அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எல்லோரும் இந்தப் பக்கம் பார், அந்தப் பக்கம் பார் என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கவாட்டில் விழியைத் திருப்பும் நரம்பு அடைப்பில் போய்விட்டது. மேலே தூக்கும் நரம்பு இன்னும் உயரத்திலிருந்து வருவது, அது பிழைத்திருந்தது. மேலே பார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பெலிண்டா இமைகளைத் தூக்கிப் பிடித்தபடி லக்ஷ்மிகாந்தின் காதருகே குனிந்தார். "சார், நான் பேசறது கேட்டா மேலே பாருங்க."

விழிகள் மேலே போயின.

வேணி வாயைப் பொத்திக்கொண்டாள். பெலிண்டா நிமிரவில்லை. தற்செயல் என்று டாக்டர் சொல்லிவிடக்கூடாது என்பதில் குறியாக இருந்தார். "இப்போ கீழே." கீழே வந்தன. "ரெண்டு தடவை மேலே." ஒன்று. இரண்டு. பிறகு வைஜயந்தியைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது ஏதாவது கேளுங்கள், ஆமாம் என்றால் மேலே பார்ப்பார் என்றார்.

வைஜயந்தி கணவரின் முகத்துக்கு நேரே குனிந்தார். "ஏன்னா, நம்ம ஹம்ஸாவுக்கு ஜூன்லதானே பொறந்த நாள்?"

விழிகள் அசையவில்லை. வரதுவின் முகம் தொங்கிப்போயிற்று.

"ஆகஸ்ட்டா?"

விழிகள் மேலே போயின. போய் அங்கேயே நின்றன, இறங்க மனமில்லாமல். ஹம்ஸா அவர்கள் மகள். ஆகஸ்ட்டில் பிறந்தவள். பொய்யாக ஜூன் என்று கேட்டுப் பார்க்கவேண்டும் என்று அந்த நிலைமையில் அந்தப் பெண்ணுக்குத் தோன்றியதே, அதற்கே ஒரு தனிச் சபாஷ் போடலாம். அப்புறம்தான் வைஜயந்தி அழுதார். ஐ.சி.யூ. முழுக்கக் கேட்க அழுதார்.

முசிறி ரோட்டிலிருந்து திரும்பி டாக்டர் பஷீர் அகமது வந்து சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். தானும் கேட்டுப் பார்த்தார். மேலே, கீழே, மேலே. வியாழக்கிழமை எழுதிய அறிக்கையை எல்லோர் முன்னாலும் கோடு போட்டு அடித்தார். உடம்பு பூட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே ஆள் முழுசாக இருக்கிறார், இத்தனை நாளும் நாம் பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது என்று சொன்னார். கடைசி வரியைக் கேட்டதும் வரது தம்பியின் காலடியில் போய் உட்கார்ந்துவிட்டார். தன் வாயால் எத்தனை ஏற்பாடுகளைத் தம்பியின் தலைமாட்டில் நின்று பேசினார் என்பது அவருக்குத்தானே தெரியும். ஆம்புலன்ஸ் காலியாகத் திரும்பிப் போயிற்று.

பெலிண்டா அன்றே தன் தப்பை எழுதி ஆஸ்பத்திரியில் கொடுத்தார். ஒரு மாதம் அவரை ஐ.சி.யூ.வுக்கு அனுப்பவில்லை. அது சரிதான் என்றே அவரும் சொல்கிறார். இப்போது அந்த ஆஸ்பத்திரியில் ஒரு விதி இருக்கிறது. படுத்த நோயாளிக்கு இ.இ.ஜி. என்றால் டேப்பை எடுத்து, இமையைக் கையால் தூக்கி, இன்னொருவர் பொத்தானைத் தட்டவேண்டும். எழுதியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. எண்ணெய் விதிக்குக் கீழே அதே சிவப்புப் பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறது.

லக்ஷ்மிகாந்துக்குத் தொண்டையில் துளையிட்டார்கள், இரண்டு மாதத்தில் இயந்திரம் இல்லாமல் மூச்சு வந்தது. வைஜயந்தி ஓர் அட்டையில் எழுத்துகளை எழுதிவைத்துக்கொண்டார். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போவார். வேண்டிய மெய்யெழுத்து வந்ததும் கணவர் மேலே பார்ப்பார். பிறகு உயிரெழுத்து. ஒரு வார்த்தைக்குக் கால் மணி நேரம் ஆகும். பெலிண்டா ஒருமுறை வைஜயந்தியிடம் அலைகளைப் பற்றிச் சொல்லும்போது ஜெபமாலையைச் சொன்னாராம். எங்களாத்துக்காரர் பெருமாள் கோயில் சேவாகாலத்தில் பாசுரம் சொல்லும் கோஷ்டியில் நிற்பாரே, அது மாதிரிதானே என்றாராம் வைஜயந்தி. ஒரு வரிசை சொல்லும், எதிர்வரிசை வாங்கிக்கொள்ளும். இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியைவிட்டு லக்ஷ்மிகாந்த் வீட்டுக்குக் கிளம்பிய நாள் இன்னொரு சனிக்கிழமை. அதே ஸ்ட்ரெச்சர், அதே பாலம், அதே அக்கரை. இந்த முறை தீர்த்தச் செம்பு இல்லை, ஹம்ஸா கையில் பூ இருந்தது. பெலிண்டாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சார் உங்களுக்கு ஏதோ சொல்லவேண்டுமாம், காலையிலிருந்து எங்களிடம் சொல்லமாட்டேன் என்கிறார் என்றார் வைஜயந்தி.

பெலிண்டா கட்டிலருகே நின்றார். மன்னிப்புக் கேட்க அன்று வந்திருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தாராம். அதற்குள் வைஜயந்தி அட்டையைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். த். இ. மறுபடி அட்டை. ற். அ. மறுபடி. ந். மறுபடி. த். ஏ. கடைசியில் ன்.

திறந்தேன்.

வைஜயந்திக்கு அது புரியவில்லை. பெலிண்டாவுக்குப் புரிந்துவிட்டது. வியாழக்கிழமை, டேப்புக்கு அடியில், அந்த இருட்டில், கண்ணைத் திறங்க என்று அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் அந்த மனிதர் திறந்திருக்கிறார். முழு பலத்தையும் கூட்டித் திறந்திருக்கிறார். வெளிச்சம் போகவில்லை, அலை உடையவில்லை, ஒருவரும் பார்க்கவில்லை.

"தெரியும் சார்" என்றார் பெலிண்டா. "கொஞ்சம் லேட்டாதான் பார்த்தேன்."

லக்ஷ்மிகாந்த் மேலே பார்த்தார். ஆமாம் என்று அர்த்தம். அப்படியே சில வினாடிகள் வைத்திருந்துவிட்டு, வாயின் இடது ஓரத்தில், அத்தனை நாளும் அசையாத இடத்தில், சிரித்தார்.

அடுத்த வாரம் பரிசோதனைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து அவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் வரது தம்பிக்குத் தன் கையாலேயே தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்துவிட்டிருந்தார். பெலிண்டா உச்சந்தலையை ஒரு விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார். வரதுவைப் பார்த்தார். ஷாம்பூ பாக்கெட்டை நீட்டி, தாழ்வாரக் கோடியில் இருக்கிற குழாயைக் காட்டினார்.